வீட்டில் கரன்ட் கோளாறா? அறிகுறியை வைத்து இடத்தைக் கண்டுபிடிக்கும் முறை

ஒயரிங் வேலை தெரியாதவர்களும் வீட்டில் வரும் மின்கோளாறு எந்த இடத்தில் இருக்கிறது என்பதைப் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். அதற்கு ஸ்க்ரூடிரைவர் தேவையில்லை. ஸ்விட்சைப் போட்டு அணைப்பது, பிளக்கைக் கழற்றி மாட்டுவது, எது எப்போது நடந்தது என்று கவனிப்பது, இந்த மூன்றும் போதும். இடம் தெரிந்த பிறகு மூடியைத் திறந்து சரிசெய்வது வேறு வேலை. அதை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். ஆனால் "என்னவோ அடிக்கடி கரன்ட் போகுது" என்று சொல்வதற்கும், "கீசர் பிளக்கை மாட்டினால் மட்டும் ஆர்.சி.சி.பி. விழுகிறது" என்று சொல்வதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. (ஆர்.சி.சி.பி. என்பது கரன்ட் கசிந்தால் சப்ளையைத் துண்டிக்கும் ஸ்விட்ச். 'விழுவது' என்றால் அது தானாக அணைவது.) இரண்டாவதைச் சொன்னால் அரை நாள் வேலை அரை மணி நேரத்தில் முடியும்.

கீழே வரும் கணக்குகள் எல்லாம் 230 வோல்ட் சப்ளைக்கானவை.

ஆராய்ச்சியே செய்யக்கூடாத நேரங்கள்

கருகிய வாடை, புகை, ஸ்விட்ச் போர்டுக்குள் தீப்பொறி, டிபி பாக்ஸுக்குள் (மெயின் ஸ்விட்சும் மற்ற ஸ்விட்சுகளும் வரிசையாக இருக்கும் பெட்டி) தண்ணீர் இறங்கியிருப்பது, குழாயைத் தொட்டால் ஷாக் அடிப்பது. இவற்றில் எது இருந்தாலும் காய்ந்த கையோடு மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். மெயின் இருக்கும் இடமே நனைந்திருந்தால் அதையும் தொட வேண்டாம், மின்வாரியத்துக்குத் தகவல் சொல்லுங்கள். தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக்கூடாது. யாருக்காவது ஷாக் அடித்துப் பிடித்துக்கொண்டிருந்தால் அவரைத் தொட்டு இழுக்காமல் முதலில் மெயினை அணைக்க வேண்டும்.

டிபி பாக்ஸில் எது என்ன

பாக்ஸைத் திறந்தால் மூன்று வகை இருக்கும். பெரிய மெயின் ஸ்விட்ச் ஒன்று. சிறிய 'டெஸ்ட்' பட்டன் உள்ள ஆர்.சி.சி.பி. ஒன்று. வரிசையாக ஒல்லியான எம்.சி.பி.க்கள் பல. பழைய வீடுகளில் எம்.சி.பி. இருக்கும் இடத்தில் ஃபியூஸ் கட்டைகள் இருக்கலாம்.

எம்.சி.பி. பார்ப்பது கரன்ட்டின் அளவை மட்டும்தான். சுவருக்குள் ஓடும் ஒயர் சூடேறி எரியாமல் காப்பது அதன் வேலை. ஆர்.சி.சி.பி. அளவைப் பார்ப்பதில்லை. ஃபேஸில் (கரன்ட்டைக் கொண்டுவரும் ஒயர்) போன கரன்ட் முழுவதும் நியூட்ரலில் (அது திரும்பும் ஒயர்) திரும்பி வருகிறதா என்று பார்க்கிறது. வீடுகளில் போடும் வகை 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலே சப்ளையைத் துண்டித்துவிடும். 9 வாட் எல்.இ.டி. பல்பு ஒன்று இழுக்கும் கரன்ட்டே சுமார் 40 மில்லி ஆம்பியர். அவ்வளவு சிறிய கசிவைக் கவனித்து மனிதரைக் காப்பதுதான் அது. எனவே விழுந்தது எம்.சி.பி.யா ஆர்.சி.சி.பி.யா என்பதுதான் முதல் கேள்வி. பாதிப் பதில் அதிலேயே கிடைத்துவிடும்.

இன்னொன்று. ட்ரிப் ஆன, அதாவது தானாக விழுந்த, சில எம்.சி.பி.க்களின் கைப்பிடி முழுவதும் கீழே வராமல் நடுவில் நின்றுவிடும். பார்த்தால் மேலே இருப்பது போலவே தெரியும். ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுப் பாருங்கள். நடுவில் நிற்பதை முதலில் முழுக்கக் கீழே தள்ளி, அப்புறம் மேலே தள்ளினால்தான் நிற்கும்.

வீடு முழுவதும் கரன்ட் இல்லை

அக்கம்பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கும் இல்லையென்றால் காத்திருக்க வேண்டியதுதான். அங்கே இருந்து இங்கே இல்லையென்றால் மெயின் ஸ்விட்ச், பிறகு ஆர்.சி.சி.பி. இரண்டும் மேலே இருந்தும் கரன்ட் இல்லையென்றால் கோளாறு மீட்டர் பக்கமோ அதற்கு முன்போ இருக்கிறது. அந்தப் பகுதி உங்களுடையது அல்ல, மின்வாரியத்தைக் கூப்பிடுங்கள். த்ரீ ஃபேஸ் வீட்டில், அதாவது மூன்று ஃபேஸ் ஒயர்களில் சப்ளை வரும் வீட்டில், சில அறைகளில் மட்டும் கரன்ட் இல்லை, எம்.சி.பி. எதுவும் விழவில்லை என்றால் ஒரு ஃபேஸ் போயிருக்கலாம்.

சில விளக்குகள் மங்கல், சில விளக்குகள் வழக்கத்தைவிடப் பிரகாசம்

இதைப் பார்த்தவுடன் மெயினை அணையுங்கள். யோசிக்கவே வேண்டாம். நியூட்ரல் அறுந்திருக்கிறது அல்லது லூஸாக இருக்கிறது என்பதற்கான அடையாளம் இது. த்ரீ ஃபேஸில் இரண்டு ஃபேஸ்களுக்கு இடையே சுமார் 400 வோல்ட் இருக்கும். அதை ஒவ்வொரு பக்கமும் 230 ஆகப் பிடித்து வைத்திருப்பது நியூட்ரல்தான். அது விட்டுப் போனால் லோடு குறைவாக உள்ள ஃபேஸில் வோல்டேஜ் ஏறும், லோடு அதிகமுள்ளதில் இறங்கும். டிவி, ஃபிரிட்ஜ், சார்ஜர் எல்லாம் சில நொடிகளில் போய்விடக்கூடும். வீட்டுக்கு சிங்கிள் ஃபேஸ் சப்ளையே இருந்தாலும், தெருவில் நியூட்ரல் போனால் இதே நிலைமை வரும். அப்போது வெளிச்சம் வீடு முழுக்க ஏறி இறங்கும். சரிசெய்தார்கள் என்று உறுதியாகத் தெரியும்வரை மெயினைப் போடாதீர்கள்.

ஒரு எம்.சி.பி. மட்டும் விழுகிறது

எவ்வளவு நேரத்தில் விழுகிறது என்று பாருங்கள். எம்.சி.பி.க்குள் இரண்டு பொறிகள் இருக்கின்றன. ஒன்று சூட்டில் வளையும் உலோகப் பட்டை, அது மெதுவாக வேலை செய்யும். மற்றொன்று காந்தச் சுருள், கரன்ட் பல மடங்கு எகிறினால் அந்தக் கணமே இழுத்துவிடும். இதனால் விழும் நேரமே காரணத்தைச் சொல்லிவிடுகிறது.

மேலே தள்ளியதும் 'டப்' என்று விழுந்தால் ஷார்ட் சர்க்யூட். அந்த லைனில், அதாவது அந்த எம்.சி.பி.யிலிருந்து கரன்ட் போகும் பகுதியில், உள்ள எல்லா பிளக்குகளையும் கழற்றிவிட்டு ஒருமுறை மட்டும் மறுபடி போட்டுப் பாருங்கள். நின்றால் கோளாறு ஏதோ ஒரு கருவியில் அல்லது அதன் ஒயரில் இருக்கிறது. ஒவ்வொன்றாக மாட்டினால் தெரிந்துவிடும். எல்லாவற்றையும் கழற்றியும் விழுந்தால் அந்த லைனின் விளக்கு, ஃபேன் ஸ்விட்சுகளையும் அணைத்துப் பாருங்கள். அப்போதும் விழுந்தால் சுவருக்குள் இருக்கும் ஒயரிங்கில் கோளாறு. சமீபத்தில் அந்தச் சுவரில் ஆணி அடித்தீர்களா, டிரில் போட்டீர்களா என்று யோசியுங்கள். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பது ஆபத்து. ஒவ்வொரு முறையும் ஷார்ட் ஆன இடத்தில் பெரிய கரன்ட் பாய்கிறது.

பத்து நிமிடமோ அரை மணி நேரமோ கழித்து விழுந்தால் பெரும்பாலும் ஓவர்லோடு. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 16 ஆம்பியர் எம்.சி.பி. என்றால் 16 × 230, அதாவது 3680 வாட் வரை. ஒரே லைனில் 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு, 1500 வாட் கெட்டில், 1200 வாட் ஓவன் மூன்றும் ஓடினால் 4700 வாட், 20 ஆம்பியருக்கு மேல். இந்த அளவுக்கு எம்.சி.பி. உடனே விழாது. தரநிலைப்படி அதன் அளவைப் போல 1.45 மடங்கு கரன்ட் போனால் ஒரு மணி நேரத்துக்குள் விழ வேண்டும், அவ்வளவுதான். ஆகவே "நேற்று மூன்றும் ஓடியதே" என்பது லோடு சரியாக இருக்கிறது என்பதற்கு ஆதாரம் ஆகாது. கனமான கருவி ஒன்றை வேறு லைனுக்கு மாற்றிப் பாருங்கள்.

மோட்டார் அல்லது ஏ.சி. ஸ்டார்ட் ஆகும் நொடியில் மட்டும் விழுகிறதா? எம்.சி.பி.யின் மேல் எண்ணுக்கு முன்னால் உள்ள எழுத்தைப் பாருங்கள். 'பி' வகை அதன் அளவைப் போல 3 முதல் 5 மடங்கில் உடனே விழும். 'சி' வகை 5 முதல் 10 மடங்கில்தான் உடனே விழும். மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் கரன்ட் 'பி' வகைக்கு அதிகமாக இருக்கலாம். இதை எலக்ட்ரீஷியனிடம் சொல்லுங்கள்.

அடிக்கடி விழுகிறதே என்று 16 ஆம்பியரை எடுத்துவிட்டு 32 ஆம்பியர் எம்.சி.பி. போடச் சொல்லும் ஆட்கள் உண்டு. தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள். சுவருக்குள் இருப்பது அதே பழைய 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர். இனி எம்.சி.பி. விழாது, ஒயர் எரியும். ஃபியூஸ் கட்டையில் தடிமனான கம்பியைச் சுற்றுவதும் இதே தவறுதான். பெரிய எம்.சி.பி. வேண்டுமென்றால் முதலில் ஒயரை மாற்ற வேண்டும்.

ஆர்.சி.சி.பி. விழுகிறது

பலரைக் குழப்புவது இதுதான். எங்கோ ஓரிடத்தில் கசிவு இருக்கும், வீடு முழுக்க இருண்டுவிடும். பொறுமையாக வரிசைப்படி போனால் இடம் தெரிந்துவிடும்.

முதலில் எல்லா எம்.சி.பி.க்களையும் கீழே தள்ளுங்கள். இப்போது ஆர்.சி.சி.பி.யை மேலே தள்ளுங்கள். நின்றால் எம்.சி.பி.க்களை ஒவ்வொன்றாக, நடுவில் சற்று நேரம் விட்டு, மேலே தள்ளுங்கள். எதைப் போடும்போது விழுகிறதோ கோளாறு அந்த லைனில் இருக்க வாய்ப்பு அதிகம். அதை மட்டும் கீழே விட்டுவிட்டு மற்றவற்றைப் போட்டால் மீதி வீட்டுக்கு வெளிச்சம் வந்துவிடும்.

அடுத்து, அந்த லைனில் உள்ள பிளக்குகளைக் கழற்றுங்கள். ஸ்விட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே உருவ வேண்டும். சாதாரண ஸ்விட்ச் ஃபேஸை மட்டும்தான் வெட்டுகிறது, நியூட்ரல் கருவியோடு இணைந்தபடியே இருக்கும். எல்லாம் கழற்றிய பிறகு எம்.சி.பி.யைப் போட்டு நின்றால், ஒவ்வொரு கருவியாக மாட்டி ஓட்டிப் பாருங்கள். வழக்கமாகச் சிக்குவது தண்ணீரும் சூடும் சேரும் இடங்கள்தான்: கீசரின் ஹீட்டிங் காயில், வாஷிங் மெஷின், தண்ணீர் மோட்டார், அயர்ன் பாக்ஸ், தண்ணீர் இறங்கிய மிக்ஸி. ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டிருக்கும்போது சில மணி நேரத்துக்கு ஒருமுறை விழுந்தால், பனியை உருக்கும் ஹீட்டர் போடப்படும் நேரமாக இருக்கலாம்.

பிளக் எதுவும் இல்லாமலே விழுந்தால் நிலையாகப் பொருத்தியவற்றைச் சந்தேகப்படுங்கள். வெளிச்சுவர் விளக்கு, மாடி விளக்கு, கேட் விளக்கு, அழைப்பு மணி. மழை பெய்தால் மட்டும் விழுகிறது, வெயில் அடித்தால் நிற்கிறது என்றால் இவற்றில் ஒன்றிலோ, நனையும் சுவரில் உள்ள ஜங்ஷன் பாக்ஸிலோ தண்ணீர் இறங்குகிறது.

இந்த வரிசை ஒரே ஒரு நிலைமையில் ஏமாற்றும். எங்காவது நியூட்ரல் ஒயர் எர்த்தை (கசியும் கரன்ட்டை மண்ணுக்குள் இறக்கும் ஒயர்) தொட்டுக்கொண்டிருந்தால், அந்த லைனின் எம்.சி.பி.யை அணைத்தும் பயனிருக்காது. ஒற்றை எம்.சி.பி. நியூட்ரலை வெட்டுவதில்லையே. அப்போது சம்பந்தமே இல்லாத வேறொரு லைனைப் போட்டு, அதில் கனமான கருவி ஓடும்போது ஆர்.சி.சி.பி. விழும். இதன் அடையாளம்: எந்த லைனைப் போட்டாலும் விழுகிறது, லோடு ஏற ஏறச் சீக்கிரம் விழுகிறது. சில சமயம் எல்லா எம்.சி.பி.யும் கீழே இருக்கும்போதே விழும். வீட்டில் உள்ள எல்லா பிளக்குகளையும் உருவிவிட்டு மறுபடி பாருங்கள். நின்றால் கருவிகளில் ஒன்று. நிற்காவிட்டால் டிபி பாக்ஸில் நியூட்ரல் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி அளக்க வேண்டும், ஆர்.சி.சி.பி.யே பழுதா என்றும் பார்க்க வேண்டும். அது எலக்ட்ரீஷியன் வேலை. "நியூட்ரல் எர்த் ஆகியிருக்குமோ என்று சந்தேகம்" என்று சொல்லுங்கள், உடனே புரிந்துகொள்வார்.

இன்வெர்டர் பொருத்திய பிறகு ஆரம்பித்த தொல்லை என்றால், இன்வெர்டர் லைனின் நியூட்ரலும் மெயின் நியூட்ரலும் கலந்திருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். அடிக்கடி நடக்கும் ஒயரிங் தவறு இது.

காரணமே பிடிபடாமல் எப்போதாவது ஒருமுறை விழுகிறது என்றால் கசிவுகள் ஒன்றுசேர்ந்திருக்கலாம். கம்ப்யூட்டர், எல்.இ.டி. விளக்கு, இன்வெர்டர் ஏ.சி. போன்றவை நல்ல நிலையில் இருந்தாலும் எர்த்துக்குச் சிறிது கரன்ட்டை விடும். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. 15 மில்லி ஆம்பியருக்கு மேல் எந்த அளவிலும் விழத் தரநிலையில் அனுமதி உண்டு. ஒரே ஆர்.சி.சி.பி.யின் கீழ் வீடு முழுவதையும் தொங்கவிடாமல் இரண்டாகப் பிரித்தால் இந்தத் தொல்லை குறையும்.

தொல்லை தாங்காமல் ஆர்.சி.சி.பி.யை பைபாஸ் செய்துவிடுபவர்கள் இருக்கிறார்கள். ஈரக் கையோடு குழந்தை வாஷிங் மெஷினைத் தொடும் வீட்டில் அது இல்லாமல் இருப்பதை நினைக்கவே எனக்குப் பயமாக இருக்கிறது. கசிவு தெரியும்வரை அந்த ஒரு லைனை அணைத்து வைத்துக்கொண்டு வாழலாம், அதில் ஒரு நஷ்டமும் இல்லை. சில மாதங்களுக்கு ஒருமுறை டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். அழுத்தியும் விழவில்லையென்றால் அந்த ஆர்.சி.சி.பி. பெயருக்குத்தான் இருக்கிறது, மாற்றுங்கள்.

எம்.சி.பி. மேலே இருக்கிறது, ஆனால் ஒரு பாயின்ட் வேலை செய்யவில்லை

வேலை செய்யும் ஒரு டேபிள் விளக்கை அந்த பாயின்ட்டில் மாட்டிப் பாருங்கள். பக்கத்து பாயின்ட்டிலும் பாருங்கள். ஒன்று மட்டும் செத்திருந்தால் அந்த சாக்கெட்டோ ஸ்விட்சோ. வரிசையாக இரண்டு மூன்று செத்திருந்தால், அவற்றில் முதலாவதிலோ அதற்கு முந்தைய, வேலை செய்யும் பாயின்ட்டிலோ ஒயர் கழன்றிருக்கும்.

டெஸ்டர் வைத்தால் எரிகிறது, ஆனால் எதுவும் ஓடவில்லை என்பது பலருக்குப் புதிராக இருக்கும். டெஸ்டர் ஃபேஸ் வந்திருக்கிறதா என்று மட்டும்தான் சொல்லும், திரும்பிப் போகும் வழியான நியூட்ரல் இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. அந்த லைனில் ஏதாவது விளக்கு ஆன் நிலையில் இருந்து, சாக்கெட்டின் இரண்டு துளைகளிலும் டெஸ்டர் எரிந்தால் நியூட்ரல் அறுந்துவிட்டது என்று கொள்ளலாம். இந்த நிலையில் எல்லாம் அணைந்து கிடப்பது போலத் தெரியும், ஆனால் ஒயரில் முழு ஃபேஸ் நிற்கிறது. தொடக்கூடாது. பக்கத்து ஒயரிலிருந்து தூண்டப்பட்ட வோல்டேஜுக்கும் டெஸ்டர் மங்கலாக எரியும். சில சமயம் எரிய வேண்டிய இடத்தில் எரியாமலும் போகும். அதனால் டெஸ்டர் எரியவில்லை என்பதை மட்டும் நம்பி எதையும் தொட வேண்டாம்.

பிளக் சூடாகிறது, ஸ்விட்ச் கருக்கிறது, போர்டில் 'கிர்' சத்தம்

எம்.சி.பி.யும் ஆர்.சி.சி.பி.யும் கண்டுகொள்ளாத கோளாறு இது. அதனால்தான் எனக்கு இதில் அதிக அக்கறை. இணைப்பு லூஸானால் அந்தப் புள்ளியில் மின்தடை கூடுகிறது. வெறும் அரை ஓம் இருந்தால்கூட 10 ஆம்பியர் போகும்போது 50 வாட் சூடு அங்கே உருவாகும். ஒரு சால்டரிங் அயர்னைப் பிளாஸ்டிக் சாக்கெட்டுக்குள் செருகி வைத்த மாதிரி. கரன்ட் கூடவில்லை, கசியவும் இல்லை, எனவே எதுவும் ட்ரிப் ஆகாது.

கீசரோ அயர்ன் பாக்ஸோ பதினைந்து நிமிடம் ஓடிய பிறகு ஸ்விட்சை அணைத்து, பிளக்கை உருவி, அதன் பிளாஸ்டிக் உடலைத் தொட்டுப் பாருங்கள். லேசான வெதுவெதுப்பு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு, நிறம் மாறிய சாக்கெட், மீன் வாடை போன்ற ஒரு நாற்றம், இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த பாயின்ட்டை நிறுத்துங்கள். கருகிய சாக்கெட்டில் புது பிளக்கை மாட்டினால் அந்த பிளக்கும் கருகும், இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். அதிக வாட் கருவிகளை எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டவே கூடாது.

விளக்கு விட்டுவிட்டு எரிகிறது

ஒரே விளக்கு என்றால் பல்பை மாற்றிப் பாருங்கள், பிறகு ஹோல்டர், ஸ்விட்ச். ஒரு அறை முழுவதும் என்றால் அந்த லைனில் லூஸ் இணைப்பு. வீடு முழுவதும் என்றால் மெயின் பக்கமோ வெளியிலோ, அதைத் தள்ளிப்போடாதீர்கள். மோட்டார் கிளம்பும் நொடியில் ஒருமுறை மங்கித் தெளிவது மட்டும் இயல்பானது.

அணைத்த பிறகும் எல்.இ.டி. மங்கலாக எரிகிறது என்றால் ஸ்விட்சில் இண்டிகேட்டர் விளக்கு இருக்கிறதா பாருங்கள். அதன் வழியே போகும் சிறு கரன்ட் போதும், அது ஆபத்தில்லை. இண்டிகேட்டர் இல்லாமலே எரிந்தால், நீளமான ஒயரில் தூண்டப்படும் வோல்டேஜ் காரணமாக இருக்கலாம், அல்லது ஸ்விட்ச் ஃபேஸுக்குப் பதில் நியூட்ரலை வெட்டிக்கொண்டிருக்கலாம். இரண்டாவது ஆபத்தானது. ஸ்விட்சை அணைத்துவிட்டு பல்பைக் கழற்றுபவரின் கை படும் இடத்தில் ஃபேஸ் இருக்கும்.

ஃபிரிட்ஜைத் தொட்டால் சுருக்கென்று இருக்கிறது

எர்த் இல்லை என்பதுதான் முதல் சந்தேகம். மூன்று பின் பிளக்கை இரண்டு பின் அடாப்டரில் மாட்டியிருந்தால் காரணம் அதுவே. எர்த் உள்ள வேறு பாயின்ட்டில் மாட்டியும் ஷாக் இருந்தால் கருவியைக் கழற்றி வையுங்கள். எல்லாக் கருவிகளிலும் லேசாக ஷாக் அடித்தால் வீட்டின் எர்த்தே அறுந்திருக்கலாம். செருப்புப் போட்டால் தெரியவில்லை என்று விட்டுவிட வேண்டாம்.

ஆளைக் கூப்பிடும்போது

இவற்றைக் குறித்து வைத்துச் சொல்லுங்கள்: விழுந்தது எது, அதன் மேல் எழுதியிருக்கும் எண் என்ன, போட்டவுடன் விழுகிறதா நேரம் கழித்தா, அப்போது என்னென்ன ஓடிக்கொண்டிருந்தன, எதைக் கழற்றினால் நிற்கிறது, மழைக்கும் அதற்கும் தொடர்பு இருக்கிறதா, சமீபத்தில் வீட்டில் என்ன வேலை நடந்தது. எந்த எம்.சி.பி. எந்த அறைக்கு என்று டிபி பாக்ஸின் கதவில் ஒரு தாளில் எழுதி ஒட்டிவிட்டால் இரவு நேரத்தில் தடவிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. வேலை முடிந்ததும், அவர் கிளம்புவதற்கு முன்பே, எந்தக் கருவிகள் ஓடும்போது கோளாறு வந்ததோ அவற்றையே அதே நேரம் ஓட்டிப் பாருங்கள். ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனையும் அவர் முன்னிலையிலேயே அழுத்திவிடுங்கள்.